கண்ணாடி பொய் சொல்லவில்லை



சென்ற குளிர்கால விடுமுறையில் என் இளைய மகன் என்னை ஓரிடத்துக்கு அழைத்துச் சென்றான். நாங்கள் குடியிருக்கும் சிகாகோ புறநகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். பழைய வீடியோ கேம் இயந்திரங்களைத் தேடிச் சேர்த்து, பழுது நீக்கி, ஓடும் நிலையில் வைத்திருக்கும் கூடம் அது. வாசலில் கட்டணம் செலுத்திவிட்டால் போதும். உள்ளே எந்த இயந்திரத்துக்கும் காசு போட வேண்டியதில்லை. வெளியூரில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கும் அவனுக்குப் பழைய பொருள்களில் தனி ஈடுபாடு உண்டு. "உங்கள் காலத்து விளையாட்டெல்லாம் இருக்கிறது, வாப்பா. வந்து பாருங்கள்" என்றான். எனக்கு விளையாட்டில் நாட்டமில்லை. மகனோடு ஒரு பகலைக் கழிக்கலாம் என்றே கிளம்பினேன்.

உள்ளே ஒரே இரைச்சல். வரிசை வரிசையாக நின்ற இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தவன், ஒரு மூலையில் நின்றுவிட்டேன். அங்கே இருந்த பெட்டி மற்றவற்றைப் போல் நிமிர்ந்த திரை கொண்டதன்று. மேசையைப் போல் அகன்ற உடல். அதன் நடுவே இருண்ட சிறு மேடை. அந்த மேடையின் மேல், கண்ணாடித் திரை எதுவும் இல்லாத வெறும் காற்றில், சில அங்குல உயரமே உள்ள ஒரு மனிதன் தொப்பியும் துப்பாக்கியுமாக நின்றுகொண்டிருந்தான். வரைந்த சித்திரம் அன்று. உயிருள்ள நடிகனின் உருவம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் அவனை நான் அடையாளம் கண்டுகொண்டேன்.

"இதைத் தெரியுமா வாப்பா?" என்று மகன் கேட்டான். "தெரியும்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த விளையாட்டின் பெயர் 'டைம் டிராவலர்'. 1991-ஆம் ஆண்டு செகா நிறுவனம் வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் ரிக் டயர். 1983-இல் லேசர் டிஸ்க்கில் ஓவியப் படங்களை ஓடவிட்டுப் பெரும் புகழ் பெற்ற 'டிராகன்ஸ் லேர்' என்னும் விளையாட்டும் அவருடைய வடிவமைப்பே. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஓவியங்களுக்குப் பதிலாக மெய்யான நடிகர்களைக் கரும்பின்னணியில் படம் பிடித்து, லேசர் டிஸ்க்கில் பதிந்து, அவர்களை மேடையின் மேல் நடமாட வைத்தார். உலகின் முதல் ஹோலோகிராம் விளையாட்டு என்று அதற்கு விளம்பரம் செய்தார்கள்.

கதை எளிமையானது. காலத்தையே சீர்குலைக்க முனையும் வல்கோர் என்னும் கொடியவன். அவனைத் தடுக்கக் காலம் விட்டுக் காலம் பயணம் செய்யும் மார்ஷல் கிராம் என்னும் குதிரை வீரன். எதிரி வரும்போது ஜாய்ஸ்டிக்கைச் சரியான திசையில் சாய்க்க வேண்டும், அல்லது பொத்தானை உரிய நொடியில் அழுத்த வேண்டும். தவறினால் உயிர் போகும். அதில் இன்னொன்றும் இருந்தது: காலத்தைத் திருப்பும் கனசதுரம். செத்து விழுந்த கணத்தில் அதைப் பயன்படுத்தினால் சில நொடிகள் பின்னோக்கிச் சென்று, செய்த பிழையைத் திருத்திக்கொள்ளலாம். அவை எண்ணிக்கையில் குறைவு. மேலும் வேண்டுமென்றால் மேலும் காசு போட வேண்டும்.

இனி 1991-க்குச் செல்கிறேன்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் மேற்படிப்புக்காக நான் அமெரிக்கா வந்தேன். எங்கள் ஊர் கீழக்கரை. வாப்பா பஜாரில் சிறிய கடை வைத்திருந்தார்கள். என்னை அனுப்புவதற்காகத் தென்னந்தோப்பில் பாதியை விற்றார்கள். விற்ற அன்று இரவு உம்மா அழுதார்கள், வாப்பாவோ, "மரம் எங்கே போகிறது? பிள்ளை படித்து வந்தால் தோப்பே வாங்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார்கள். விமான நிலையத்தில் அவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "வாரத்துக்கு ஒரு தடவை குரலைக் கேட்க விடு, மகனே. வேறு ஒன்றும் வேண்டாம்."

எங்கள் வீட்டில் அப்போது தொலைபேசி கிடையாது. பஜாரில் ஓர் எஸ்.டி.டி. பூத் இருந்தது. அதன் உரிமையாளர் வாப்பாவுக்கு வேண்டியவர். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளையும் எடுத்துத் தருவார். எனவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு நான் இங்கிருந்து அழைப்பேன். குளிர்காலத்தில் அது ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. வாப்பா சுபுஹுத் தொழுதுவிட்டு, வீட்டுக்குச் செல்லாமல், நேரே பூத்துக்கு வந்து வாசலில் போட்டிருக்கும் பெஞ்சில் அமர்ந்திருப்பார்கள்.

நான் குடியிருந்த அறையில் நால்வர் இருந்தோம். கட்டணம் கட்ட முடியாததால் அங்கிருந்த தொலைபேசியில் வெளிநாட்டு அழைப்பைத் துண்டித்திருந்தார்கள். ஆகவே நான் அருகிலிருந்த வணிக வளாகத்துக்கு நடந்து சென்று, அங்கிருந்த பொதுத் தொலைபேசியில் காசு போட்டுப் பேசுவேன். ஆபரேட்டர் சொல்லும் தொகை முழுவதையும் கால் டாலர் காசுகளாக ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தால்தான் இணைப்புக் கிடைக்கும். சில நிமிடப் பேச்சுக்கு ஒரு சிறு துணிப்பை நிறையக் காசு தேவைப்படும். பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவிச் சம்பாதித்ததில், வாரந்தோறும் அந்தப் பைக்கென்று ஒரு பங்கை எடுத்து வைப்பேன்.

நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. குளிர் கடுமையாக இருந்ததால் சற்று முன்னதாகவே வளாகத்துக்குள் சென்றுவிட்டேன். இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. தொலைபேசிக்குச் செல்லும் வழியில் விளையாட்டுக் கூடம். அந்த ஆண்டுதான் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வந்திருந்தது. பையன்கள் எப்போதும் அதைச் சுற்றியே நிற்பார்கள். அன்று கூட்டம் வேறோர் இயந்திரத்தைச் சூழ்ந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். காற்றில் ஒரு மனிதன் நின்றான்.

அதுவரை நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. கூட்டத்திலிருந்த ஒரு பையன் கையை நீட்டி அந்த உருவத்தைப் பிடிக்க முயன்றான். விரல்கள் அதன் ஊடே சென்றன. எல்லோரும் ஆரவாரித்தார்கள். என் முறை வந்தது. இரண்டு காசு போட்டுப் பார்ப்போம், பேசுவதற்கு ஒரு நிமிடம் குறையும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

மார்ஷல் கிராம் சில நொடிகளில் செத்துப் போனான். மீண்டும் காசு போட்டேன். அடுத்த முறை ஓர் அடி முன்னே சென்று செத்தான். எந்தத் திசையில் எப்போது சாய்க்க வேண்டும் என்பதைச் செத்துச் செத்தே மனப்பாடம் செய்ய வேண்டிய விளையாட்டு அது. ஒவ்வொரு முறையும், இப்போதுதான் தெரிந்துகொண்டோமே, அடுத்த முறை தாண்டிவிடலாம் என்று தோன்றும். காலத்தைத் திருப்பும் கனசதுரங்கள் தீர்ந்தன. இன்னும் காசு போட்டேன். பையின் அடியில் விரல் தட்டியபோதுதான் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி எட்டு இருபது. பையில் மிஞ்சியிருந்த காசில் வெளிநாட்டுக்கு ஒரு நொடி கூடப் பேச முடியாது.

நடந்தே அறைக்குத் திரும்பினேன். வெட்கமாக இருந்தது, ஆனால் பெரும் குற்றம் செய்துவிட்டதாக அப்போது தோன்றவில்லை. ஒரு வாரம்தானே, அடுத்த வாரம் கூடுதலாகப் பேசிக்கொள்ளலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அழைத்தேன். வாப்பா உடனே எடுத்தார்கள். சலாம் சொன்னார்கள், உடல்நலம் கேட்டார்கள், குளிருக்குக் கம்பளி போதுமா என்று கேட்டார்கள். போன வாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் கடிந்து கேட்கவில்லை. கடைசியில்தான், எனக்கு வருத்தம் வந்துவிடக் கூடாதே என்பது போல், மெதுவாகச் சொன்னார்கள்: "போன வாரம் லைன் கிடைக்கவில்லையோ? நானும் அப்படித்தான் நினைத்தேன்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாப்பா சிரித்திருப்பார்கள், அல்லது சிறிது நேரம் மௌனமாக இருந்திருப்பார்கள். அதோடு முடிந்திருக்கும். நான், "ஆமாம் வாப்பா, லைன் கிடைக்கவில்லை" என்றேன். அவர்களே எடுத்துக் கொடுத்த வார்த்தை அது. அதை அப்படியே வாங்கிப் பொய்யாக்கித் திருப்பிக் கொடுத்தேன்.

1992 ஏப்ரல், நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாம் வாரம், வாப்பா மௌத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். செய்தி எனக்கு வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. இங்குள்ள பள்ளிவாசலில், நான் அதிகம் அறியாத மனிதர்களோடு வரிசையில் நின்று, காயிப் ஜனாஸாத் தொழுதேன். பக்கத்தில் நின்றவர், தொழுகை முடிந்ததும் என் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். அவர் பேசிய மொழி எனக்குத் தெரியாது. பொருள் விளங்கியது.

இரண்டாண்டு கழித்து ஊருக்குச் சென்றபோது ராத்தாவோடு பேசிக்கொண்டிருந்தேன். வாப்பாவைப் பற்றிய பழைய பேச்சு. இடையில் ராத்தா இயல்பாக ஒன்று சொன்னார். "ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணவில்லையே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு வாப்பா லுஹர் வரைக்கும் பூத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். பசியாறக்கூட வரவில்லை. உம்மா ஆள் அனுப்பியும், 'பிள்ளை லைனுக்காக மன்றாடிக்கொண்டிருப்பான், நான் எழுந்து வந்த நேரம் கிடைத்துவிட்டால் என்ன செய்வது' என்று சொல்லிவிட்டார்கள்."

ராத்தாவிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அமெரிக்கா திரும்பிய பின் எனக்கு அந்த இயந்திரத்தின் மேல் ஒரு கோபம் உண்டாயிற்று. அதை ஒரு மோசடிக்காரனைப் போல் நினைத்தேன். காற்றில் இல்லாததை இருப்பதாகக் காட்டிய ஒரு பொய், என் கையிலிருந்த காசையும் என் வாப்பாவின் ஒரு காலைப்பொழுதையும் பறித்துக்கொண்டது என்று எனக்குள் வழக்காடினேன். அந்தப் பொய் எப்படி உண்டாக்கப்பட்டது என்று அறிய விரும்பிப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒளியியல் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன்.

முதலில் தெரிந்துகொண்டது, அது ஹோலோகிராமே அன்று என்பது. ஹோலோகிராம் முறையை 1947-இல் கண்டறிந்தவர் டென்னிஸ் காபோர். 1971-இல் அதற்காக இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். ஒரு பொருளிலிருந்து வரும் ஒளி அலைகளும் வேறோர் ஒளிக்கற்றையின் அலைகளும் ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கும் நுண்ணிய கோலத்தைத் தட்டில் பதிவு செய்வது அந்த முறை. 1960-இல் லேசர் வந்த பிறகே அது நன்கு கைகூடியது. டைம் டிராவலரில் லேசர் இருந்தது உண்மை. ஆனால் அது டிஸ்க்கில் பதிந்த படத்தைப் படிப்பதற்கு மட்டுமே. காற்றில் உருவம் காட்டியவை இரண்டே பொருள்கள்: பெட்டிக்குள் மறைந்திருந்த ஒரு சாதாரணத் தொலைக்காட்சிக் குழாய், ஒரு பெரிய வளைந்த கண்ணாடி.

பள்ளியில் படித்த குழி ஆடியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உள்ளே குழிந்த ஆடியின் முன், அதன் வளைவு மையத்தின் அருகில் ஒரு பொருளை வைத்தால், அதிலிருந்து புறப்படும் ஒளிக்கதிர்கள் ஆடியில் பட்டுத் திரும்பி, மீண்டும் அந்த மையத்தின் அருகிலேயே ஒன்றுகூடும். கூடிய இடத்தில் பொருளின் பிம்பம் தோன்றும். சுவர்க்கண்ணாடியில் நம் முகம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போல் தெரிகிறதே, அங்கே ஒளி எதுவும் இல்லை. அது மாயப் பிம்பம். குழி ஆடியின் பிம்பம் அப்படிப்பட்டதன்று. ஆடிக்கு முன்னால், காற்றில், ஒளிக்கதிர்கள் உண்மையாகவே சந்திக்கின்றன. நம் பாடநூல்கள் அதற்கு மெய்ப் பிம்பம் என்றே பெயர் தந்திருக்கின்றன.

வீட்டிலுள்ள எவர்சில்வர் கரண்டியின் உட்பக்கத்தில் முகத்தைப் பார்த்தால் தலைகீழாகத் தெரியும். குழி ஆடியும் அப்படியே பிம்பத்தைத் தலைகீழாக்கும் என்பதால், மூலப்படத்தை அதற்கேற்பத் திருப்பி வைத்தால் உருவம் நேராகத் தெரியும். நடிகர்களைக் கரும்பின்னணியில் படம் பிடித்ததற்கும் காரணம் உண்டு. திரையில் கருமையாக உள்ள இடத்திலிருந்து ஒளி வருவதில்லை. ஒளி வராத இடத்துக்குப் பிம்பமும் இல்லை. ஆகவே பின்னணி மறைந்து மனிதன் மட்டும் காற்றில் நிற்பான்.

இந்தப் புத்தகங்களில் 'அல்ஹேசன்' என்று ஒரு பெயர் அடிக்கடி வந்தது. வளைந்த ஆடிகளைப் பற்றிய பகுதியில் 'அல்ஹேசன் கணக்கு' என்றே ஒன்று இருந்தது: விளக்கு இருக்கும் இடமும் கண் இருக்கும் இடமும் தெரிந்தால், கோள வடிவ ஆடியின் எந்தப் புள்ளியில் பட்டு ஒளி கண்ணை அடையும்? யாரோ ஐரோப்பியர் என்று எண்ணிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினால், அவர் பஸராவில் ஏறத்தாழ 965-இல் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040-ஐ ஒட்டி மறைந்த இப்னுல் ஹைதம்! ஹஸன் என்ற அவருடைய இயற்பெயரே லத்தீனில் அல்ஹேசன் ஆகியிருக்கிறது. நான் தலைகுனிந்து சிரித்துக்கொண்டேன்.

அவருடைய 'கிதாபுல் மனாழிர்' ஏழு பகுதிகள் கொண்டது. பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்டது. யூக்ளிட், தாலமி போன்ற கிரேக்க அறிஞர்கள் கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்று கருதினார்கள். இப்னுல் ஹைதம் அதை மறுத்தார். கண் கூசும் ஒளியைப் பார்த்தால் கண் வலிக்கிறது; ஆகவே ஏதோ ஒன்று வெளியிலிருந்து கண்ணுக்குள் வருகிறது. பொருளிலிருந்து வரும் ஒளியைப் பெற்றுக்கொள்வதே கண்ணின் வேலை என்று சோதனைகள் மூலம் நிறுவினார். குழி ஆடிகளைப் பற்றித் தனி நூல்களும் எழுதினார். அவருடைய பெருநூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572-இல் பாசல் நகரில் அச்சேறி, ஐரோப்பிய அறிஞர்களின் மேசைகளில் இடம்பெற்றது.

என்னைத் தடுத்து நிறுத்தியது அந்த நூலின் மூன்றாம் பகுதி பற்றிய விளக்கம். அப்பகுதி முழுவதும் பார்வையின் பிழைகளைப் பற்றியது. கண் ஒளியைப் பெறுகிறது. அதன் பிறகு, கண்டது எது, எவ்வளவு தொலைவு, எவ்வளவு பெரிது என்று தீர்மானிப்பது உள்ளறிவின் வேலை. அந்தத் தீர்மானம் மிக விரைவாக நடப்பதால் நாம் அதை அறிவதே இல்லை. பார்த்தோம் என்றே நினைக்கிறோம். பிழைகளில் பல அந்தத் தீர்மானத்தில் நேர்பவை. மேகம் நகரும்போது நிலா ஓடுவதாகச் சிறு வயதில் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கண்ணுக்கு வந்த ஒளியில் குறை ஏதும் இல்லை. ஓடுவது நிலா என்று முடிவு செய்தவர்கள் நாம்.

அந்தப் பக்கத்தைப் படித்த அன்று என் வழக்குத் தோற்றது. அந்த இயந்திரத்தில் இருந்த கண்ணாடி பொய் சொல்லவில்லை. தன் மேல் விழுந்த ஒளியை அல்லாஹ் வகுத்த நியதிப்படி திருப்பி அனுப்பியது. ஒளி கூடிய இடத்தில் உருவம் தெரிந்தது. அதற்கு ஹோலோகிராம் என்று பெயரிட்டவர்கள் மனிதர்கள். வாப்பா காத்திருப்பார்கள், இது காத்திருக்காது என்று அந்த இருபத்து மூன்று வயதில் தீர்ப்புச் சொன்னவன் நான். லைன் கிடைக்கவில்லை என்று சொன்னதும் நான். அந்த வாக்கியத்தில் கண்ணாடிக்கோ லேசருக்கோ பங்கில்லை.

இதை அறிந்த பின் இயந்திரத்தின் மேலிருந்த கோபம் போயிற்று. ஆனால் கோபம் இருந்தவரை இருந்த ஆறுதலும் அதோடு போயிற்று.

அந்த விளையாட்டின் பிற்கதை சிறியது. காற்றில் மனிதன் நிற்பதைப் பார்த்து வியக்கக் கூட்டம் வந்தது. வியப்புத் தீர்ந்ததும் கலைந்தது. மனப்பாடம் செய்துவிட்டால் அதில் விளையாட வேறொன்றும் இல்லை. அதே பெட்டியைப் பயன்படுத்தி 1992-இல் செகா 'ஹோலோசியம்' என்று ஒரு சண்டை விளையாட்டைக் கொண்டுவந்தது. அந்த வகை அதற்கு மேல் தொடரவில்லை.

கூடத்தில் என் மகன் விளையாடிக்கொண்டிருந்தான். மார்ஷல் கிராம் செத்தான். மகன் காலத்தைத் திருப்பினான். வீரன் எழுந்து நின்றான். "நல்ல யோசனை வாப்பா! 1991-லேயே இதை வைத்திருக்கிறார்கள்" என்று வியந்தான். பிறகு, எந்தப் பொறியியல் மாணவனும் செய்வதைச் செய்தான். ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டுக் குனிந்தும் நகர்ந்தும் பார்த்தான். ஒரு பக்கமாகப் போனதும் உருவம் மறைந்துவிட்டது. மீண்டும் நேரே வந்தால் நின்றது. "ஆடியை நோக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஒளி அங்கிருந்துதானே வருகிறது" என்றேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அங்கேயே, அந்த இரைச்சலில், அவனுக்குச் சொன்னேன். காசுப் பை, எட்டு இருபது, அடுத்த வாரம் நான் சொன்ன சொல், ராத்தா சொன்ன செய்தி, எல்லாவற்றையும். இதை நான் என் மனைவியிடம்கூட முழுமையாகச் சொன்னதில்லை. பிள்ளைகளிடம் வாப்பாமார்கள் தங்கள் நல்ல கதைகளைத்தான் சொல்லுகிறோம். தென்னந்தோப்பை விற்றுப் படிக்க வைத்தார்கள், பாத்திரம் கழுவிப் படித்தேன் என்பவற்றை அவன் பலமுறை கேட்டிருக்கிறான். பாத்திரம் கழுவிய காசு ஓர் இரவு எங்கே போயிற்று என்பதை அன்றுதான் கேட்டான்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சிறு மனிதன் காற்றில் நின்று, யாரும் காசு போடாமலேயே, அடுத்த ஆட்டத்துக்குக் காத்துக்கொண்டிருந்தான். அஸர் நேரம் நெருங்கிவிட்டதால் நாங்கள் வெளியே வந்தோம்.

வண்டியில் பாதித் தொலைவு வரை மௌனம். பிறகு மகன் சாலையைப் பார்த்தபடியே சொன்னான்: "வாப்பா, அக்டோபரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் அழைக்கவில்லை. பரீட்சை என்று சொன்னேன். பரீட்சை ஒன்றும் இல்லை. நண்பர்களோடு இருந்தேன்."

அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை. "சரி" என்றேன். சற்றுக் கழித்து, "சொன்னதற்கு மகிழ்ச்சி, மகனே" என்றும் சொன்னேன். அவனுடைய முகம் இளகியது. என் வாப்பாவிடம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்களுடைய மனமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். வருத்தத்தைவிட நிம்மதியே மேலோங்கியிருந்தது. பிள்ளைகளின் பிழையைத் தாங்கப் பெற்றோருக்கு வலிமை உண்டு. அது அவர்களுக்குத் தெரியவேண்டும்.

இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளே, உங்களில் பலர் ஊரை விட்டுத் தொலைவில் இருப்பீர்கள். இப்போது காசுப் பையும் வேண்டாம், பூத் வாசல் பெஞ்சும் வேண்டாம். நினைத்த நொடியில் பெற்றோரின் முகத்தைத் திரையில் பார்க்கலாம். பேசத் தவறிய நாள் உங்கள் வாழ்விலும் இருக்கும். அதற்குக் காரணமாகச் சிறியதொரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தால், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைத் திருத்திவிடுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு 1992 ஏப்ரலோடு முடிந்துவிட்டது.

எனக்கு மிஞ்சியிருப்பது துஆ ஒன்றே. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சுபுஹுத் தொழுத பின் சிறிது நேரம் எழாமல் அமர்ந்திருப்பேன். வாப்பா பெஞ்சில் அமர்ந்திருந்த அந்த நேரத்தை நினைத்து, அவர்களுடைய மறுமைக்காகவும் என் பிழை பொறுக்கப்படுவதற்காகவும் கேட்பேன். இப்போது அந்த நேரத்தில் என் பக்கத்தில் தொலைபேசியும் இருக்கிறது. மகன் சில வாரங்களில் அழைக்கிறான். அழைக்க முடியாத வாரங்களில், ஏன் முடியவில்லை என்பதை உள்ளபடியே எழுதி அனுப்புகிறான். இரண்டும் எனக்குப் போதுமானவை, அல்ஹம்துலில்லாஹ்.